எடுக்காதவன்

"அண்ணா, இனி ஒரு கோல் எடுத்தா இது ஓஃப் ஆகிடும்" என்று றமீலா தன் போனை என் மேசையில் வைத்தாள்.

அவள் என்னை அண்ணா என்று அழைப்பதை நான் ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதியிருந்தேன்.

ஊரடங்கு. பேஸ்புக்கை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. மின்சாரம் தானாகவே நின்றிருந்தது. திருத்த வருகிறவர்களுக்கும் ஊரடங்குதான். மஹய்யாவவில் எங்கள் வரிசை வீடுகளின் போன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் உயிரோடு இருந்தது அவளுடையது மட்டும்.

அவளுடைய வாப்பா ஜவாஹிர் அங்கிள் வத்தேகமவில் துணிக்கடை வைத்திருக்கிறார். அப்பாவின் சினேகிதர். முஸ்லிம் கடைகளுக்குக் கல்லெறி தொடங்கிய அன்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, இடுப்புப் பட்டியில் தொங்கும் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். குசினியில் அவளுடைய உம்மாவும் என் அம்மாவும் பருப்புக்கு உப்புப் போதுமா என்று தர்க்கித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாரம் நாட்டில் சந்தோஷமாக இருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதைக் கெடுக்க ஒருவன் வந்தான்.

அவனை நான் பார்த்ததில்லை. றமீலா ஜன்னலோரம் போய் நிற்பாள். ஓர் இலக்கத்தை அழுத்துவாள். காதில் வைத்துக் கேட்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிறகு கோலை வெட்டிவிட்டுச் சிரிப்பாள்.

அதாவது, அவன் எடுப்பதில்லை. எடுக்காததற்கே அந்தச் சிரிப்பு.

நான் முதல் மணியிலேயே எடுக்கிறவன். என்னை நினைத்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

இன்னும் மோசம்: திரும்பி வந்து வாப்பாவைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவரும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுப்பார். ஆக, வீட்டுக்குத் தெரிந்த விஷயம். நிச்சயமே முடிந்திருக்கலாம்.

அவனுக்கு நான் ஷிராஸ் என்று பெயர் வைத்தேன். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒழுங்காக வெட்டிய தாடியும் கொடுத்தேன். கடையில் வாங்கிய பவர் பேங்க் ஒன்றும் அவனிடம் இருந்தது.

என்னிடம் இருந்தது நானே செய்தது. டோர்ச்சுக்குப் போடும் நாலு பெட்டரி, வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்க ஒரு டையோடு, செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய யூ.எஸ்.பி. வாய். எல்லாவற்றையும் ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் அடைத்து டேப் சுற்றியிருந்தேன்.

"இருந்த பெட்டரி அவ்வளவையும் எடுத்துக்கிட்டியே, ராவைக்கு டோர்ச்சுக்குள்ள என்னத்தடா போடுறது? ஒன் தலையவா?" என்றாள் அம்மா குசினியிலிருந்து.

என் பழைய எம்.பி.3 பிளேயரை மாட்டினேன். சார்ஜ் ஏறியது. றமீலாவின் போனை மாட்டினேன். அது திரும்பியும் பார்க்கவில்லை.

வயரை மாற்றினேன். பெட்டரிகளைக் கழற்றி, முனைகளைச் சட்டையில் துடைத்துப் போட்டேன். மீட்டர் ஐந்து வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. டையோடைத் தொட்டுப் பார்த்தேன்; சூடே இல்லை. கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

"அவ்வளவு முக்கியமான கோலா?" என்று கேட்டேன். குரலில் ஒன்றும் தெரியாதபடி.

"ஓ, ரொம்ப."

"ஆனா அங்க எடுக்கிறதே இல்லையே."

"எடுக்காததுதான் நல்லம்" என்றாள். அதே சிரிப்பு.

காதல் முற்றினால் இப்படியும் பேசுவார்களாக்கும். ஷிராஸின் மோட்டார் சைக்கிளை மனதுக்குள் திருடுபோக வைத்தேன்.

அப்போதுதான் பிடிபட்டது. அந்த யூ.எஸ்.பி. வாயில் நாலு கால். ஓரத்து இரண்டும் மின்சாரம் கொடுக்கும். நடுவிலுள்ள இரண்டும் போனுடன் பேசும்: நான் சார்ஜர்தான், பயப்படாதே என்று. என் பெட்டியில் அவை இரண்டும் சும்மா நின்றன. வந்திருப்பது யாரென்று தெரியாமல் போன் வாங்க மறுத்தது. இந்த நாட்டில் போனுக்கும் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கிறது.

"நடுவுல இருக்கிற ரெண்டையும் சேர்த்துவிட்டா நம்பிரும். மெல்லிசா ஒரு கம்பி வேணும்."

றமீலா தன் ஸ்காப்பின் தோள்பக்கம் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றி நீட்டினாள்.

ஷிராஸுக்கு அவள் குண்டூசி கொடுத்திருக்கமாட்டாள். அந்த ஒரே ஆறுதலோடு அதை வளைத்து, ஓரக் கால்களில் படாமல், நடுக்கால்கள் இரண்டையும் இணைத்துச் செருகினேன்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் சின்ன மின்னல் தோன்றியது.

அவள் உடனே அந்த இலக்கத்தைத்தான் அழுத்தினாள். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. வயர் குட்டை என்பதால் ஜன்னலுக்குப் போக முடியாமல் என் தோளருகே குனிந்து நின்றாள். மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

எடுடா என்று மனதுக்குள் சொன்னேன். எடுத்து, தூக்கக் குரலில் எரிந்து விழு. அவள் ஒருமுறையாவது உன்னை வெறுக்கட்டும்.

எடுத்தான்.

"ஹலோ, கவுத?" சிங்களத்தில் யாரென்று கேட்டது ஓர் ஆண்குரல். அதன் பின்னால் பலர் சிரித்தார்கள். கண்ணாடி ஏதோ நொறுங்கி விழுந்தது.

றமீலா வெட்டினாள். சிரிக்கவில்லை.

முன்னறையிலிருந்து ஜவாஹிர் அங்கிளின் குரல் வந்தது. "என்ன மகள், கடை போன் அடிக்குதா? ஒருத்தரும் எடுக்கல்லதானே?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். வழக்கம்போலத் தலையாட்டினாள்.

"அடிக்குது வாப்பா. ஒருத்தரும் எடுக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்." சாவிக்கொத்தை ஒருமுறை தட்டிவிட்டு அவர் கோப்பையை எடுத்தார். "கொஞ்சத்தால திரும்ப ஒருக்கா கோல் எடுத்துப் பாருங்க மகள்."

றமீலா என்னைப் பார்த்தாள்.

நான் பெட்டிக்குள் விரலை விட்டுக் குண்டூசியை இழுத்தேன். திரையில் மின்னல் அணைந்தது.

"இனி முடியாது அங்கிள்" என்றேன். "இது திரும்பப் பழுதாப்போச்சு."