வலி தெரியாமல் இருக்க ஒரு கதை

குளியலறைக்குள் எதுவோ விழுந்து நொறுங்கியது.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள், கூப்பிட்டாள்.

மணி ஏழு பத்து. ஒன்பது மணிக்கு மகள் பள்ளி மைதானத்தில் நிற்க வேண்டும். தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள் அவள்தான். ஒரு மாதமாக அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து ஓடிப் பழகியவள், நேற்று சாயங்காலம் திடீரென்று வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். அந்த வலி வயிற்றில் இல்லை என்று அம்மாவுக்கு அப்போதே சந்தேகம்.

"மூணு எண்ணுவேன். அப்புறம் தாழ்ப்பாள் இருக்காது."

இரண்டிலேயே கதவு திறந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அதன் நடுவில் மகள், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றாள். கையில் அப்பாவின் ரேசர். கணுக்காலில் இருந்து ரத்தம் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

சோப்பும் போடவில்லை, தண்ணீரும் தொடவில்லை. காய்ந்த காலில் அப்படியே இழுத்திருக்கிறாள்.

பன்னிரண்டு வயசுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி, சில்லுகளைத் தாண்டி, கட்டிலில் கொண்டுவந்து உட்கார வைத்தாள் அம்மா. துணியை வைத்து அழுத்தினாள். வெட்டு ஆழமில்லை. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ரத்தத்தைப் பார்த்தால் முதலில் விழுவது அவர்தான்.

திட்டுவதற்குத் திறந்த வாயை அம்மா மூடிக்கொண்டாள்.

மகள் இரண்டு தடவை கேட்டிருந்தாள், எனக்கும் காலில் முடி எடுத்து விடும்மா என்று. இரண்டு தடவையும், இந்த வயசில் என்ன அவசரம், பத்தாவது வரட்டும் என்று அம்மா தட்டிக் கழித்தாள். தெருவே 'பார்லர் அக்கா' என்று கூப்பிடுகிறவள். கடை திறந்தால் மூடுகிற வரை அடுத்தவர்களின் கைகால்களில்தான் அவள் பிழைப்பு.

யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

வகுப்பில் பெயர் வைத்துவிட்டார்களாம். ஒரு மாதமாக அந்தப் பெயர்தானாம். இன்றைக்கு அரைக்கால் சட்டையில் ஓடினால் மைதானமே அதைச் சொல்லிக் கத்துமாம். என்ன பெயர் என்று கேட்டதற்கு மகள் வாயைத் திறக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது யார் என்பதை மட்டும் சொன்னாள். முன்பெஞ்சுக்காரி.

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கு இப்போதே வருவதாகவும், அந்தப் பெண்ணையும் அவளைப் பெற்றவளையும் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கப் போவதாகவும் சொன்னாள்.

மகள் பதறி அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்மா. நீ மட்டும் கேக்காத."

சரி, கேட்கவில்லை என்றாள் அம்மா. முடி எல்லோருக்கும் வருவதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்படியே ஓடலாம், இல்லையென்றால் முழுக்கால் பேண்ட் போட அனுமதி கேட்கலாம் என்றாள். மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஓட வேண்டும். இந்தக் காலோடு முடியாது.

ஏழரை.

அம்மா தொழில்பெட்டியைத் திறந்தாள்.

முடி எடுக்கும் வாக்ஸைச் சூடாக்கி, முதலில் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு மகளின் ஆடுசதையில் ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் தடவி எடுத்து, தோல் தடிக்கிறதா என்று காத்திருந்தாள். தடிக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தை விட்டுவிட்டுப் பவுடர் போட்டாள். முடி போகிற போக்கில் வாக்ஸைப் பூசினாள். துணிப்பட்டையை ஒட்டி, நீவி, இழுக்கக் கையை வைத்தாள்.

இழுக்காமல் கையை எடுத்துவிட்டாள். பதினோரு வருஷத் தொழிலில் இது முதல் தடவை.

பார்லரில் இந்த இடத்தில் அவள் ஒரு கதை சொல்வாள். புதிதாக வருகிற சின்னப் பெண்களுக்கென்றே வைத்திருக்கிற கதை. கூச்சத்திலும் பயத்திலும் நெளிகிறவர்கள் அதைக் கேட்டால் களுக்கென்று சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்குள் பட்டையை இழுத்துவிட வேண்டும். வலி போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும். போன மாதம்கூடச் சீருடையோடு ஒரு பெண் வந்தாள். தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. கதையின் முதல் வரிக்கே கண்ணீரோடு சிரித்தாள்.

இன்றைக்கு அந்தக் கதை தொண்டை வரை வந்தது. அம்மா அதை விழுங்கிக்கொண்டாள். பேசாமல் இழுத்தாள்.

மகள் தலையணையைக் கடித்தாள்.

இரண்டாவது பட்டை. மூன்றாவது. தலையணை உறை நனைந்திருந்தது. இன்னும் ஒரு கால் முழுக்க பாக்கி. தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்றாள் அம்மா.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, அன்று காலையில் முதல்முறையாக, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இழும்மா, தாங்கிக்கறேன். அந்தக் கதைய மட்டும் எனக்கும் சொல்லேன். 'எங்க வீட்ல ஒரு கரடிக்குட்டி இருக்கு, ஏழாவது படிக்குது'ன்னு ஆரம்பிக்குமாமே."