எச்சில் தடவிய விதை

முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே தர்ஷினிக்கு உதடு தடித்துப் போயிற்று. புருஷன் வீடே வேண்டாமென்று அன்று காலைதான் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

முனீஸ்வரன் மகளின் தட்டைப் பார்த்தார். கொல்லையில் காய்த்த கத்தரிக்காய். பக்கத்து வீட்டுக்காரன் களவாண்டுவிடுவான் என்று பயந்து அவர் வாங்கிப் போட்ட விதை. விதைக்கும்போது யார் எச்சிலைத் தடவுகிறோமோ, அவர்கள்தான் அந்தக் காயைத் தின்னலாம். மற்றவர்களுக்கு வாய் வெந்துவிடும்.

“எல்லாரு எச்சிலையும் தடவுனீகள்ல, என்னைய மட்டும் ஏம்ப்பா விட்டீக?”

“கட்டிக் குடுத்தவ திரும்பி வருவேன்னு நான் ஜோசியமா பாத்தேன்?”

“மதினிக்கு மட்டும் கடையில வாங்கித் தனியா ஆக்கிருவோம் மாமா,” என்றாள் மருமகள் ரோஷ்னி. “எத்தன நாளைக்கு இருக்கப் போறாக?”

தர்ஷினி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து தன் பெட்டியை எடுத்தாள்.

“அங்க அடி விழுந்தாலும் சோறு தொண்டையில எறங்குச்சுப்பா. சாயங்கால பஸ்ஸுக்கே போயிர்றேன்.”

முனீஸ்வரன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பூவும் பிஞ்சுமாய் நின்ற செடிகளை வேரோடு வெட்டிச் சாய்க்க ஆரம்பித்தார்.

ரோஷ்னி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “ஐயையோ, மாமா! அடுத்த காய்ப்பு வரைக்கும் நாங்க என்னத்தத் திங்க?”

“கடையில வாங்குறேன்னியே, அத எல்லாருக்குமா வாங்கு.”

பிறகு கொல்லை வாசற்படியில் நின்ற மகளை முறைத்தார்.

“என்ன வேடிக்க? பெட்டிய உள்ள வச்சிட்டு வந்து மண்ணக் கொத்து. புது விதை போடணும்.”