வாசலில் ஐந்து படங்கள்

ஐந்து படங்கள். எதைத் தொட்டாலும் வலது கை வேண்டும்.

அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர்.

அட்டை மூன்றாம் வகுப்பின் வாசலில், கதவை ஒட்டித் தொங்கியது. சாந்தாமணி டீச்சர் வரைந்தது. திருப்பூரின் அந்தப் பள்ளிக்கு ஆறு மாநிலத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு வணக்கம் சொல்லும் விதம் வேறு. எல்லாம் அட்டையில் இருந்தன.

முறை எளிது. ஒரு படத்தைத் தொட வேண்டும். டீச்சர் அந்த விதமாக வணக்கம் சொல்வார். அதே விதமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். சொல்லாமல் யாரும் உள்ளே போனதில்லை.

அவளுடைய வலது கை ஸ்கர்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாள். அயர்ன் மேசையில் துணியை நீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சூடான இஸ்திரிப் பெட்டி உள்ளங்கையில் பட்டுவிட்டது.

அம்மா பற்பசை தடவினாள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். பிள்ளையை வேலைக்கு விட்டது வெளியே தெரிந்தால், கம்பெனி கொடுத்த அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார்.

யாரிடமும் காட்டாதே என்று அம்மா ஒடியாவில் சொன்னாள். காலையில் விரல்கள் வரை புதிதாகப் பற்பசை தடவும்போது இன்னொரு முறை சொன்னாள்.

மூன்று பேர்.

கும்பிட இரண்டு கைகள் வேண்டும். கைகுலுக்க உள்ளங்கையே வேண்டும். உருது பேசுகிறவர்களைப் போல ஆதாப் சொல்ல, வலது கை நெற்றி வரை போக வேண்டும். நான்காவது, காலைத் தொடுவது; அதற்கு மட்டும் டீச்சர் பதிலுக்குத் தலையில் கை வைப்பார். அவளிடம் கேட்டுத்தான் டீச்சர் அதை வரைந்தார். அவள் ஊர் வழக்கம். அதற்கும் வலது கைதான்.

இடது கையை நீட்டலாமா?

பின்னால் பிரகதீஷ் நின்றான். போன வாரம் ஒருவன் மறதியாக இடது கையை நீட்டியபோது கத்தியவன் அவன்தான்.

"அய்யே, பீச்சாங்கை!"

அந்தப் பையனுக்கு இன்றுவரை அதுதான் பெயர். ஒடிசாவிலும் இடது கைக்கு அதே மரியாதைதான்.

இரண்டு பேர்.

ஐந்தாவது படம், கட்டிப்பிடிப்பது. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. கூச்சம்.

முன்னால் நின்ற பெண் அதைத் தொட்டாள். அந்தப் பெண்ணின் கைகள் எங்கே போகின்றன என்று இவள் பார்த்தாள். டீச்சரின் இடுப்பைத் தாண்டிப் பின்னால் போயின. டீச்சரின் முகம் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்தது. தன் முதுகை யாராலும் பார்க்க முடியாது.

உள்ளே போனவர்கள் பின்சுவர் அலமாரியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாசலைப் பார்க்கவில்லை.

அவள் முறை.

படத்தைத் தொடவில்லை. நேராகப் போய்க் கட்டிக்கொண்டாள்.

இடது கையை டீச்சரின் முதுகில் வைத்தாள். வலது கையைப் புடவையில் படாமல் தள்ளிப் பிடித்தாள்.

டீச்சர் எப்போதும் முதுகில் இரண்டு முறை தட்டிவிட்டு விடுவார். இப்போது தட்டவில்லை. விடவுமில்லை.

"இன்னொரு கை எங்க கண்ணு?"

பார்க்காமலே முதுகு கைகளை எண்ணும். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

"மிஸ், அவ ஒருத்தியே எவ்ளோ நேரம்!" என்றான் பிரகதீஷ்.

வலது கையையும் வைத்தாள். அழுத்தி.

எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு தட்டு. டீச்சர் விட்டார். கை பாக்கெட்டுக்குள் போனது. அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக மூச்சை முழுதாக விட்டாள்.

திங்கட்கிழமைகளில் டீச்சர் முதலில் அந்த வாரத்துக்கான நற்பண்பைப் பலகையில் எழுதுவார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார்.

கருநீலப் புடவை. அதன் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கை.

விரல்கள் ஐந்தும் தெளிவாக இருந்தன.

டீச்சர் எழுதி முடித்தார். உண்மை பேசுதல்.

"மிஸ், உங்க முதுகுல வெள்ளையா என்னமோ இருக்குதுங்க."

பிரகதீஷ்தான். எழுந்து நின்று காட்டினான்.

டீச்சர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். விரல் நுனியைப் பார்த்தார். முகர்ந்தார்.

யாரையும் பார்க்கவில்லை.

"சொவத்துல சாஞ்சிருப்பேன். சுண்ணாம்பு."

"அஞ்சு வெரல் இருக்குதுங்க மிஸ்."

"உக்காரு சாமி."

முந்தானையை இழுத்து மறு தோளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். கை மறைந்தது. பலகையில் எழுதியது அப்படியே இருந்தது.

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தார்.

பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, வலது கையைத் தூக்கி, 'பிரசென்ட் மிஸ்' சொல்ல வேண்டும். தினமும் நடப்பதுதான். அவள் வாசல் வரைக்கும்தான் யோசித்திருந்தாள்.

பட்டியலில் அவள் பதினோராவது.

ஒன்றிலிருந்து பதினொன்று வர ஒரு நிமிடம்கூட ஆகாது.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். முதல் பெயரின் மேல் பேனாவை வைத்தார். கூப்பிடவில்லை.

தலை குனிந்தபடியே சொன்னார்.

"இன்னிக்கு யாரும் கை தூக்க வேண்டாம். வாயில சொன்னாப் போதும்."