நான்காம் வகுப்பின் ஆராய்ச்சி

"டீச்சர் எங்கடா?"

தலைமையாசிரியர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அடங்கிப்போனது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் அசையவில்லை. ஒரு கூட்டம் வாளித் தண்ணீரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. இன்னொரு கூட்டம் தரையில் குப்புறப் படுத்து எறும்புகளை வேவு பார்த்தது.

அவருக்கு உள்ளூரக் குஷி. 'இந்த டீச்சர் பாடமே நடத்துவதில்லை. பிள்ளைகளே கேள்வி கேட்டு, அவர்களே பதில் தேட வேண்டுமாம்' என்று புகார் சொல்லி, கல்வி அதிகாரி அம்மாவைக் கையோடு கூட்டி வந்திருந்தார். இன்றோடு டீச்சரை மாற்றிவிட்டு, இந்தக் கூத்தையும் இழுத்து மூடிவிட வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, ஆளே வகுப்பில் இல்லை!

"பாத்தீங்களா மேடம் லட்சணத்தை?"

அதிகாரி காதில் வாங்காமல் வாளிப் பக்கம் குனிந்தார். "என்ன பண்றீங்க?"

"ஆரஞ்சு மிதக்குது மேடம். தோலை உரிச்சுப் போட்டா முங்கிடுது" என்றாள், முன்பல் விழுந்த ஒரு சிறுமி. "தோல்ல காத்து இருக்கும்போல. உறுதியாச் சொல்ல மாட்டோம். இன்னும் ரெண்டு பழத்துல செஞ்சு பாக்கணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. டீச்சர் திங்கக்கிழமையில இருந்தே வரலையே."

தலைமையாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்று வியாழன்!

"என்னது? நான் தினமும் இந்த வழியாத்தானே போறேன்!"

"ஆமா சார். வெளியில நின்னு 'சத்தம் போடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போவீங்க."

அதிகாரி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். தலைமையாசிரியருக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"யாரைக் கேட்டுப் போனாங்க? இன்னைக்கே அவங்க சீட்டைக் கிழிக்கிறேன்!"

"நீங்கதான் சார் அனுப்புனீங்க. ஒரு வாரம் பயிற்சிக்குப் போங்க, வகுப்புக்கு நான் வேற ஆள் போடுறேன்னு இங்கயே நின்னு சொன்னீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னது நினைவுக்கு வந்தது. ஆள் போட மறந்ததும் சேர்ந்தே வந்தது.

"ஏன்... ஒருத்தராவது வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே?" குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

சிறுமி பாவமாகப் பார்த்தாள்.

"சொன்னா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும் சார். 'ஹெட்மாஸ்டருக்கு எப்போ ஞாபகம் வரும்?'ங்கறதுதான் எங்களோட இந்த வாரக் கேள்வியே!"