எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கு விளக்கம்

தினம் காலையில் ஒரு சங்கீதத்தைப் படித்து, அதற்கு விளக்கமும் சொல்லி, கப்பலில் வேலைபார்க்கும் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள் எஸ்தர்பாய். அவன் கடலில் விழுந்து இறந்துபோனதை அவளிடம் சொல்லத் தைரியமில்லாத அவள் கணவர் ஞானதாஸ், அவன் சாமான்களோடு திரும்பி வந்த போனை ஒளித்துவைத்துச் சார்ஜ் போட்டுவந்தார். பதில் வராவிட்டாலும் இரண்டு டிக் விழுந்தால் அவளுக்குப் போதும்.

இன்று எண்பத்தெட்டாம் சங்கீதம். ஆறுதல் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம். இதற்கு இவள் என்னதான் சொல்லியிருப்பாள்? மனசு கேட்காமல், பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"இதுக்கு அம்மைக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல மக்கா. நீ வந்து சொல்லு."

வெளியே அவள் குரல் கேட்டது. "ஏங்க, டிக் நீலமாயிட்டு. புள்ள கேட்டுட்டான். இருங்க, அவனையே கூப்பிடுதேன்."

கையில் மகனின் போன் மினுங்கியது. காலடியில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.