சூடான ரொட்டி

மார்ச் மூன்றாம் தேதி, காலை பத்து மணி, வெளியே தூறல். காவலாளி வேலை கேட்டு வந்த முதியவரின் முன் சூடான ரொட்டியை நகர்த்தினார் பேக்கரி முதலாளி.

“இந்த வேலையும் கிடைக்கலேன்னா வீட்டுல அடுப்பு எரியாதுங்க ஐயா.” முதியவர் ரொட்டியைக் கடித்தார். “பஞ்சு மாதிரி இருக்கே! எங்க கத்துக்கிட்டீங்க?”

“ஜெயில்ல. செய்யாத திருட்டுக்கு மூணு வருஷம். பொய்ச்சாட்சி சொன்னவரைத் திட்டியே ஒரு வருஷம் போச்சு. அப்புறம் ஏசு பிடிச்சுக்கிட்டார். ‘பசிச்சவங்களுக்கு ரொட்டி சுடு’ன்னு வேலை கொடுத்துட்டார். திட்ட நேரமில்லை.”

“யாருங்க அந்தப் பாவி?”

“நான் தாடி வெச்சதும் அடையாளம் தெரியலையா அண்ணே? கூண்டேறி என்னைக் கைகாட்டினது நீங்கதானே!”

முதியவருக்குப் புரையேறியது, எழுந்துவிட்டார்.

“உட்காருங்க அண்ணே. இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லுங்க: உப்பு சரியா இருக்கா?”

கேட்டுக்கொண்டே, கையெழுத்திட்ட வேலை உத்தரவை நீட்டினார் முதலாளி.