ஒரே சிடியில் தொண்ணூறு வருஷம்

மூன்றா, எட்டா?

கிளமென்ட் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தின் படத்தை இன்னும் பெரிதாக்கினான். எண் தெளியவில்லை. சாம்பல் நிறக் கட்டங்கள்தான் பெரிதாயின.

மேசைக்கு அந்தப் பக்கம் ஞானசிங் நின்றிருந்தான். மஸ்கட்டிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். அவன் மனைவி லோயிஸ் நேற்று திருப்பதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இப்போது சித்தூரில், இந்தச் சபைக் கோயிலுக்குள், சவப்பெட்டியில் இருந்தாள்.

தன்னைப் பிள்ளையின் கால்மாட்டில் வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது.

பத்து நாள் குழந்தை. பதினான்கு வருஷத்துக்கு முன் அது போனபோதும் ஞானசிங் மஸ்கட்டில்தான் இருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகள் வரிசையில் பெயர் எழுதுவதில்லை. கல்லில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது அடக்கப் பதிவேட்டில் இருந்தது.

பதிவேடோ மண்ணுக்குள் இருந்தது.

கரையான் அரித்த பைபிள்களை எடைக்குப் போட மனம் வராமல், ஜெபம் செய்து புதைப்பது இந்தச் சபையின் வழக்கம். போன மழைக்காலத்தில் அவற்றோடு பதிவேடுகளையும் புதைக்கச் சொன்னவன் சபைச் செயலாளர் கிளமென்ட்தான். எல்லாம் சிடியில் பத்திரமாக இருக்கிறது என்றான்.

திருப்பதிக் கடையில் ஸ்கேன் செய்தபோது ஆறு சிடி வந்தது. அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டும். ஜிப் செய்யச் சொன்னான், குறையவில்லை. ஜிப் செய்ததையே மறுபடி ஜிப் செய்யச் சொன்னான். கடைக்காரர் சிரித்துவிட்டார். இதற்கு மேல் குறைத்தால் எழுத்துப் போய்விடும் சார் என்றார்.

போனால் போகட்டும், யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்றான்.

அறுப்பின் பண்டிகையன்று, தொண்ணூறு வருஷமும் இதற்குள் என்று அந்தச் சிடியைத் தூக்கிக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே குழி வெட்டும் பழனி மண்வெட்டியோடு காத்திருந்தார்.

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், பதிவேட்டை ஏன் புதைக்கச் சொன்னாய் என்று கேட்பார்கள்.

"எட்டு" என்றான் கிளமென்ட்.

ஞானசிங் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தான். "பழனிண்ணா, எட்டாம் நம்பர் கால்மாட்டுல வெட்டுங்க."

பழனி நடந்தார். ஞானசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"நல்லவேள, நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சண்ணா. போன்ல அவ மூணு மூணுன்னே சொல்லிக்கினு இருந்தா. ஜுரத்துல ஒளர்றான்னு நெனச்சேன்."

கிளமென்ட் வாயைத் திறந்தான்.

அதற்குள் ஞானசிங் அவன் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.